மன்னிப்பும் மானமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, பொருளைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. சங்கத்தின் மாலை வகுப்பில் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட வினா நெடுநாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. கிறித்துமசுக்கு முந்திய வாரம் அது. மன்னிக்கும் பண்பைப் பற்றி நான் பேசி முடித்ததும் அவன் எழுந்து, "ஐயா, மன்னிக்க வேண்டும் என்று எல்லாரும் நம்மிடமே வந்து சொல்லுகிறார்கள். அடித்தவர்களிடம் போய் யாராவது ஏதாவது சொல்லுகிறார்களா?" என்றான். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவனுக்கு நான் தரும் காலங்கடந்த விடை.

நம் சங்கத்தில் சிலுவையை வணங்குவோரும் உளர்; மாரியம்மனை வணங்குவோரும் உளர். ஆதலின் இது எச்சமயத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ எழுந்ததன்று. துன்புறுத்தப்பட்ட காலத்தில் நம்பிக்கையைக் கைவிடாமல், துன்புறுத்தியோரையும் பகைக்காமல் வாழ்ந்த சிலரது வரலாற்றை ஆராய்ந்து, நமக்கு அதில் என்ன பாடம் உண்டு என்று காண்பதே நோக்கம்.

மலைமேல் ஒரு கருவூலம்

நம் பழனிமலையில் இருந்தே தொடங்குவோம். சமவெளியின் நோய்களுக்குத் தம் குடும்பத்தினரைப் பலிகொடுத்த அமெரிக்க மதுரை மிசன் போதகர்கள், 1845ஆம் ஆண்டு கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். வண்டிப்பாதை இல்லாத அக்காலத்தில் அவர்களையும் அவர்தம் மூட்டைகளையும் தோளில் சுமந்து மலையேற்றியவர்கள் கூலியாட்கள். வந்தவர்களின் பெயர்கள் கல்லறைக் கற்களில் உள்ளன. சுமந்தவர்களின் பெயர்களைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. வரலாறு படிக்கும் நம் இளைஞர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது.

கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில், இயேசு சபையார் 1895ஆம் ஆண்டு நிறுவிய திரு இருதயக் கல்லூரி உள்ளது. பழைய மதுரை மிசனின் ஆவணங்களைப் பேணிவரும் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. மறவர் நாட்டில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தர் அம்மிசனைச் சேர்ந்தவர்.

ஓரியூர் மணல்

அருளானந்தர் என்று தமிழ் மக்கள் அழைக்கும் சான் தெ பிரிட்டோ, 1647ஆம் ஆண்டு லிசுபன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். போர்த்துகல் இளவரசனோடு அரண்மனையில் வளர்ந்தவர். தமிழகம் வந்து காவியுடுத்திப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். இப்பண்டாரசாமி முறைக்கும் ஒரு காரணம் உண்டு. மதுரையில் 1606ஆம் ஆண்டு பணி தொடங்கிய இராபர்ட்டு தெ நொபிலி, பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தார். அவ்வாறு வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. ஆகவே 1640ஆம் ஆண்டளவில் எல்லாரோடும் பழகக்கூடிய பண்டாரசாமிகள் என்னும் வேறொரு பிரிவு ஏற்பட்டது. சமயம் பரப்ப வந்தோரும் சாதியின் கோட்டை ஒட்டியே தம் பாதையை அமைத்துக்கொண்டனர் என்னும் உண்மையை மறைப்பது வரலாறு ஆகாது.

1686ஆம் ஆண்டு மறவர் சீமையில் அருளானந்தரும் அவருடன் இருந்த உபதேசியார்களும் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாயினர். விடுதலை பெற்றபின் ஐரோப்பா சென்ற அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள அரசன் விரும்பினான். அவர் இணங்கவில்லை, மீண்டும் இந்நாட்டுக்கே திரும்பினார். தடியத்தேவன் என்னும் அரசகுலத்தான் கிறித்தவனாகி, மனைவியர் பலருள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினான். விலக்கப்பட்டோருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் முறையீட்டால் எழுந்த சினமே அருளானந்தரின் முடிவுக்குக் காரணமாயிற்று. அப்பெண்ணின் துயரும் துயரே என்பதை நடுநிலையோடு படிப்போர் ஒப்புக்கொள்வர்.

1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. வெட்ட வந்தவனை அவர் அன்போடு தழுவிக்கொண்டார் என்பது மரபாக வழங்கும் செய்தி. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இன்றும் அவ்வூர்ச் செம்மண்ணைச் சமய வேறுபாடின்றி மக்கள் எடுத்துச் செல்லுகின்றனர்.

வடக்கன்குளத்தின் இரு காட்சிகள்

அடுத்தவர் தேவசகாயம். 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான தெலனாய் என்பவரிடம் யோபுவின் வரலாற்றைக் கேட்டார். இழப்புகளுக்கு நடுவில் பற்றை விடாத அம்மனிதரின் கதை அவர் உள்ளத்தைத் தொட்டது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராமல் எல்லாரோடும் பழகினார். இதுவும் அவர்மீது பகை மூள ஒரு காரணம். 1749இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டு, மூன்றாண்டுகள் வதைக்கப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப்பெயர் நீக்கப்பட்டிருந்தது.

இனி இரண்டாம் காட்சி. அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில், சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரிக்கச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. சாதி பாராதவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, ஆண்டவன் சந்நிதியிலேயே, சாதிச்சுவர்! அச்சுவர் இடிக்கப்பட்டது 1910ஆம் ஆண்டில்தான். இடித்தற்கு எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. துன்புறுத்துவோர் எப்போதும் வேற்றுச் சமயத்தாராகவே இருப்பர் என்று எண்ணுவோர் இச்சுவரை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

நம்மில் ஒருவர்

மேலே கூறிய இருவரும் துன்பத்தைத் தாமே ஏற்றவர்கள். அரண்மனையை விட்டு வந்தார் ஒருவர். அரசுப் பதவியை இழந்தார் மற்றவர். நம் முன்னோருக்கு அத்தகைய தெரிவு இருந்ததா? அவர்கள் துன்பத்தைத் தேடிச் செல்லவில்லை, துன்பத்திலேயே பிறந்தார்கள். எனவே நமக்கு நெருங்கியவர் மயிலாடி வேதமாணிக்கமே ஆவார்.

தென்திருவிதாங்கூரில் மயிலாடி என்னும் ஊரில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். இறைவனைத் தேடிச் சிதம்பரத்துக்கு நடந்தார். திரும்பும் வழியில் தஞ்சையில் கிறித்தவ நற்செய்தியைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். ஊரில் வரவேற்பு இல்லை; எதிர்ப்பும் இடையூறுமே காத்திருந்தன. அவர் பழிக்குப் பழி வாங்கவில்லை. பணிந்து ஒடுங்கவும் இல்லை. போதகரைத் தேடிச் சென்று அழைப்பு விடுத்தார். அவ்வழைப்பின் பயனாக 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் போதகர் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளியும் தோன்றியது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டு நீங்கியபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த போதகராகிய மீடு 1818இல் வந்து சேரும்வரை அவற்றைக் காத்தவர், தெருவில் நடக்கவும் தடையிருந்த குலத்தில் பிறந்த அந்த மனிதரே.

இளைஞர்களே, இதனை ஊன்றி நோக்குங்கள். தம்மை இழித்தவர்களுக்கு வேதமாணிக்கம் தந்த மறுமொழி ஒரு பள்ளிக்கூடம்.

ஒரு தாயின் சொல்

நம் காலத்துக்கு வருவோம். கிரகாம் சுடெயின்சு என்னும் ஆசுத்திரேலியர் 1965ஆம் ஆண்டு முதல் ஒரிசா மாநிலம் பாரிபதாவில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். அவருடைய பிள்ளைகள் நம் நாட்டு மலைப்பள்ளி ஒன்றில், நீலகிரியில், படித்துவந்தனர். 1999ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் இரவு, மனோகர்பூர் என்னும் சிற்றூரில் அவரும், பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமொத்தியும் தம் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கூட்டம் வண்டிக்குத் தீயிட்டது. மூவரும் மாண்டனர்.

கணவரையும் இரு மக்களையும் ஒருசேர இழந்த கிளாடிசு அம்மையார், கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கூறினார். உலகம் வியந்தது. ஆயினும் அவர் கூறிய மற்றொன்றைப் பலர் கவனிக்கவில்லை. தம் உள்ளத்தில் பகை இல்லை என்பது வேறு, சட்டம் தன் கடமையைச் செய்வது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வழக்கு நடந்தது. 2003இல் முதன்மைக் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர்நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அம்மையாரோ அந்நாட்டை விட்டு உடனே ஓடிவிடவில்லை. 2004ஆம் ஆண்டுவரை மகளோடு பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லத்தை நடத்தினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கிற்று.

வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். செங்கோன்மை என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது தனிமனிதனுக்கு உரியது. பின்னது ஆட்சிக்கு உரியது. பொறுத்துக்கொள் என்று குடிமகனுக்குச் சொன்ன புலவர், குற்றத்தைக் கண்டும் காணாமலிரு என்று வேந்தனுக்குச் சொல்லவில்லை. நமக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு மன்னிப்பைக் காரணங்காட்டி வழக்குப் பதியாமல் அனுப்புவோர், இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு நம் கையில் இருப்பது, நாம் பயன்படுத்துதற்கே. கிறித்தவரான நம் உறவினருக்கோ இன்னும் ஒரு வழக்கு எஞ்சியுள்ளது. 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்ட பின்னரும் அவர்கள் வெளியிலேயே நிற்கின்றனர். அதனைக் கேட்டுப் போராடுவது பகைமை ஆகாது.

என் தந்தையின் சிரட்டை

என் வாழ்வில் நடந்த ஒன்றைக் கூறி முடிக்கிறேன். என் தந்தையார் கீழ்ப்பழனிமலையின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். ஊர்த் தேநீர்க்கடையின் கூரை இறவாணத்தில் அவருக்கென்று ஒரு சிரட்டை செருகியிருக்கும். அவரே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் செருகிவிட்டு வருவார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

பல்லாண்டுகளுக்குப் பின் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு அக்கடைக்காரர் தம் பேரனைச் சேர்க்க வந்தார். முதுமையால் தளர்ந்திருந்தார். "உட்காருங்கள், ஐயா" என்றேன். தயங்கி நின்றார். பையனைச் சேர்த்துக்கொண்டேன். அது மன்னிப்பன்று, என் கடமை. படிவத்தில் கையெழுத்திட்டபின் அவர் மெல்ல, "உங்கள் அப்பாவுக்குச் சிரட்டையில் ஊற்றியவன் நான்தான், சார். அது தப்பு" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. இருவருக்கும் தேநீர் வரவழைத்தேன். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வந்தது. குடித்தோம்.

அந்த ஒரு சொல் வருவதற்கு முன்பே என் உள்ளத்துப் பகை அடங்கியிருந்தது; இல்லையேல் படித்திருக்கவே முடியாது. பகையை இறக்கி வைப்பதற்குப் பிறர் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் இருவர் ஒருங்கே அமர்ந்து தேநீர் பருகுவதற்கு, தவறு செய்தவர் அதனைத் தவறென்று ஒப்புக்கொள்வது வேண்டியிருந்தது. என் தந்தையார் அச்சொல்லைக் கேட்க உயிரோடு இல்லை என்னும் வருத்தம் இன்றும் உண்டு.

வினாக் கேட்ட தம்பிக்கு என் விடை இதுவே. மன்னிப்பு நம்மிடம் எவரும் கேட்டு வாங்கும் வரியன்று. நாம் விரும்பினால் கொடுப்பது. அடித்தவரிடம் போய்ச் சொல்வார் இல்லையே என்றாய், உண்மைதான். அச்சொல்லைச் சொல்லப் பிறர் வருவர் என்று காத்திராதே. அவர் எதிரே நிமிர்ந்து அமர்ந்து, வெறுப்பின்றி, அச்சமுமின்றி நீயே சொல். அதற்குக் கல்வி வேண்டும், சட்ட அறிவு வேண்டும், ஒற்றுமை வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் விளக்கேற்றி மாலை வகுப்பு நடத்திவருவது அதற்காகவே.