கத்தி நிற்க வேண்டிய இடம்

மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலத்தைக் கடந்து பழைய நகருக்குச் செல்லும் நாம், ஒரு போர்க்களத்தை நெருங்குகிறோம் என்று எண்ணுவதில்லை. 1783 ஜூன் 13 அன்று கடலூருக்குத் தெற்கே ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதின. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். தலையில் குண்டு பாய்ந்தவனுக்கு அந்நாளைய மருத்துவர் செய்யக்கூடியது என்ன? விரலாலும் உலோகக் கம்பியாலும் காயத்தின் வழியே துழாவிப் பார்ப்பதுதான். தேடும் கம்பியே நலமான மூளையைக் கிழித்தது. கழுவாத விரலே சீழை விளைவித்தது.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது இந்த இருள் விலகத் தொடங்கிற்று. 1897-98இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா போருக்கு, பீவர் என்ற இராணுவ மருத்துவர் அக்கருவியை மலைப்பாதைகளில் சுமந்து செல்லச் செய்து, காயம்பட்டோர் உடலில் குண்டுகளைத் தேடினார். 1917இல் பிரான்சு, பெல்ஜியப் போர்முனைகளில் ஹார்வி குஷிங், எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்தபின், காயத்தின் வழியே ஒரு ஆணியைச் செலுத்தி, மின்காந்தத்தின் துணையால் இரும்புச் சிதறல்களை வெளியே இழுத்தார். மூன்று மாதங்களில் அவரிடம் வந்த மூளைக்காயத்தாரின் இறப்பு, நூற்றுக்கு ஐம்பத்து நான்கிலிருந்து இருபத்தொன்பதாகக் குறைந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. படம் எடுப்பது முன்பு. கத்தி வைப்பது பின்பு. இடையில் மூளை வீங்கலாம். தலையைத் திருப்பினால் சிறு குண்டு இடம் மாறலாம். 1971இல் வந்த சி.டி. ஸ்கேன் துல்லியத்தைத் தந்தது. 1980களில் அறுவை அரங்கிற்குள் வந்த கேளா ஒலி ஸ்கேன், அந்த நேரத்து நிலையையே காட்டிற்று. ஒலியைத் தடுக்கும் மண்டை எலும்பை அகற்றியபின், மூளையின் மேற்பரப்பில் கருவியை வைத்தால், சிதறலும் இரத்தக்கட்டியும் கண்முன்னே தெரியும். இரும்புத் துண்டு உள்ளே இருக்குமானால் காந்த ஸ்கேன் ஆபத்தானது. காந்தமே அதை அசைத்துவிடும்.

தமிழகத்தில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். சி.டி. ஸ்கேன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பணி அது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க திருப்பம் ஒன்றுண்டு. எல்லாச் சிதறல்களையும் எடுத்தே தீர வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. 1980களின் லெபனான், ஈரான்-ஈராக் போர்களின் அனுபவம் அதை மாற்றியது. ஆழத்தில் தங்கிய துண்டைத் துரத்திச் செல்வது, அதை விட்டுவைப்பதைவிட மிகுந்த கேட்டைச் செய்யக்கூடும் என்று மருத்துவர்கள் கண்டனர். எனவே படம் இன்று இரண்டு செய்திகளைச் சொல்கிறது: எதை எடுக்கலாம் என்பதை, எங்கே கை நிற்க வேண்டும் என்பதையும். காணாதவன் துழாவினான்; கண்டவன் நிறுத்தக் கற்றான். கடலூர்க் களத்தில் வீழ்ந்தவர்களுக்குக் கிட்டாத அந்த அறிவு, இன்று காயமுற்று வருவோருக்கு உயிராக நிற்கிறது.