பலகைக்கு ஒரு குண்டு, உயிருக்கு ஒரு குண்டு

துப்பாக்கின்னா குறிதான் முக்கியம்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். குறி தப்பாம அடிச்சா எந்த மிருகமும் அங்கேயே விழுந்துரும்னு சினிமா சொல்லிக் குடுத்திருக்கு. பெருவேட்டை நடந்த காலத்துச் சரித்திரத்தைப் படிச்சா சங்கதி வேற. குறி பாதிதான். மீதிப் பாதி, துப்பாக்கிக்குள்ள போட்ட குண்டு எப்படிப்பட்டதுங்கறது. களைக்கொத்தும் இரும்புதான், கடப்பாரையும் இரும்புதான். ரெண்டும் ஒரே வேலையா செய்யுது?

இதுல தப்பு நடந்தா அதுக்கு விலை குடுக்கறது பெரும்பாலும் சுட்டவன் இல்ல. முதல்ல அந்த மிருகம், அதுக்கப்புறம் காட்டோரத்துச் சனம். இதுக்குப் பெரிய சாட்சி குமாவுன் மலையில இருக்கு. சம்பாவத் பெண்புலி நேபாளத்துலயும் குமாவுன்லயுமா சேர்த்து 436 பேரைக் கொன்னதுன்னு ஜிம் கார்பெட் எழுதியிருக்காரு. 1907-ல அதைச் சுட்டு வீழ்த்தினவரும் அவர்தான். செத்த புலியோட வாயைப் பார்த்தப்ப, வலது பக்கத்துக் கோரைப்பல்லு மேலயும் கீழயும் உடைஞ்சிருந்துச்சு. யாரோ எப்பவோ சுட்ட பழைய காயம். அந்தப் பல்லால இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமத்தான் புலி மனுசனைத் தேடி வந்துச்சுங்கறது கார்பெட்டோட முடிவு.

நம்ம பக்கத்துக்கு வந்தா கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்ல இருந்துக்கிட்டு ஜவளகிரி, பென்னாகரம்னு இன்னைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்ல இருக்கிற காடுகள்ல அலைஞ்சவர். காயம் பட்ட மிருகம்தான் பல நேரம் ஆளைக் கொல்லுதுன்னு அவரும் எழுதினாரு. காட்டுக்காவல்ங்கற பேர்ல அந்தக் காலத்துல கிராமத்துல இருந்தது வாய்வழியா மருந்து கெட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. அதுல ஈயக்கட்டி, ஆணித்துண்டு, கைக்குக் கிடைச்சதெல்லாம் போகும். பன்னி விரட்ட அது போதும். புலிமேல பட்டா கொல்லாது, நொண்டியாக்கும்.

நல்ல துப்பாக்கி வச்சிருந்த வெள்ளைக்காரங்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்துச்சு. சாமுவேல் பேக்கர்னு ஒருத்தர், இலங்கையில நுவரெலியாவுல குடியிருந்து யானை வேட்டையாடினவர். அந்தக் காலத்துல யானை மண்டைக்கு, ஈயத்தோட வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கெட்டிப்படுத்துவாங்க. அப்புறம் 'எக்ஸ்பிரஸ்' துப்பாக்கின்னு ஒண்ணு வந்துச்சு. முனையில குழி விட்ட லேசான குண்டு, ரொம்ப வேகம், நேரா போகும். எல்லாரும் அது பின்னாடி ஓடினாங்க. மானுக்குச் சரி, புலிக்கும் காட்டெருமைக்கும் ஆகாதுன்னு பேக்கர் 1890-ல அச்சான புத்தகத்துல வாதாடினாரு. எலும்புல பட்டதும் மண்ணாங்கட்டி மாதிரி உதிர்ந்து மேல்காயத்தோட நின்னுரும். அதனால புலிக்குக் குழி இல்லாத, கனமான சுத்த ஈயக்குண்டுதான் வேணும்னாரு.

பிறகு புகையில்லாத மருந்து வந்து வேகம் இன்னும் கூடுச்சு. வெறும் ஈயம் அந்த வேகத்தைத் தாங்காதுன்னு மேல உலோக உறை போட்டாங்க. முழுசா மூடின குண்டு கோணூசி மாதிரி சாக்கைக் குத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். அதுக்கு மாற்றாத்தான் 1890-கள்ல கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில முனை உறையை விட்டு, ஈயம் வெளியே தெரியற மாதிரி குண்டு செஞ்சாங்க. உடம்புக்குள்ள போனதும் காளான் மாதிரி விரியும். 1899-ல ஹேக் மாநாட்டுல, விரியற குண்டைப் போர்ல பயன்படுத்தக்கூடாதுன்னு நாடுகள் கூடி அறிவிச்சாங்க. வேட்டையில மட்டும் அதுவே நிலைச்சுது. போர்ல கொடுமைன்னு தள்ளினதே, மிருகத்தைச் சீக்கிரம் சாகடிக்கிறதால காட்டுல இரக்கம் ஆயிருச்சு.

விரியற குண்டுதான் எப்பவும் நல்லதான்னு கேட்டா அதுவும் இல்ல. ஆப்பிரிக்காவுல டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கு மேல யானை சுட்டவர். பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் சின்னத் துப்பாக்கி, முழு உறை போட்ட குண்டு. யானை மண்டையை ரெண்டா அறுத்துப் பார்த்து மூளை எங்க இருக்குன்னு படிச்சிக்கிட்டாரு. அவ்வளவு கனமான எலும்புக்கு விரியாத குண்டுதான் சரி. மிருகத்தைப் பார்த்துக் குண்டு, அவ்வளவுதான் கணக்கு.

இப்ப போட்டிக்குண்டுக்கு வரேன். 1860-ல விம்பிள்டன்ல துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா மகாராணி முதல் குண்டு சுட்டுத் தொடங்கி வச்சாங்க. 400 கெஜத்துல, மையத்துல இருந்து ஒண்ணேகால் அங்குலத்துல பட்டுச்சு. அன்னையில இருந்து பலகைக்குன்னே குண்டு செய்யற கலை வளர்ந்துச்சு. இன்னைக்கு 'மேட்ச்' குண்டுன்னு சொல்றாங்க. உறை மெல்லிசு, எடையில இம்மி பிசகாது. முனையில ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது விரியறதுக்கு இல்ல, உறையைப் பின்பக்கத்துல இருந்து இழுத்து மூடுறதால முன்னாடி மிச்சமாகிற வாய். அது தெரியாம வேட்டைக்குண்டுன்னு நினைச்சுக்கிறவங்க உண்டு. உடம்புல பட்டா சில நேரம் ஊசியா ஊடுருவும், சில நேரம் மேலேயே தூளாகும். எது நடக்கும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. சியரா கம்பெனி தன்னோட மேட்ச்கிங் குண்டை வேட்டைக்கு வேண்டாம்னே சொல்லுது. ஆனாலும் தூரத்துல குறி நிக்குதுங்கற ஆசையில சில பேர் இதையே காட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க.

வேட்டைக்குன்னே செஞ்ச குண்டும் தோத்துப் போன கதை ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல ஜான் நாஸ்லர் 1946-ல கனடாவுக்கு மூஸ்ங்கற பெரிய மான் வேட்டைக்குப் போனாரு. மிருகம் உடம்பெல்லாம் சேறு காய்ஞ்சு நின்னுச்சு. குண்டு பட்டுச்சு, உள்ள இறங்கல, மேலேயே உடைஞ்சுது. ஊருக்கு வந்து குண்டுக்கு நடுவுல உலோகத்தாலேயே ஒரு தடுப்புச்சுவர் வச்சாரு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாம உள்ள போகும். 1948-ல விற்பனைக்கு வந்த 'பார்ட்டிஷன்' குண்டு இன்னைக்கும் ஓடுது.

நம்ம நாட்டுல 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டைக் கதை முடிஞ்சுது. அது நல்லதுக்குத்தான். ஆனா காயம் பண்ற பழக்கம் முடியல. பன்னிக்குன்னு வைக்கிற அவுட்டுக்காயைக் கடிச்சு, தாடை உடைஞ்சு, பட்டினி கிடந்து சாகுற யானையைப் பத்திப் பேப்பர்ல படிக்கிறோமே, சம்பாவத் புலியோட பல்லுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

2025 ஜனவரியில, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்து வெள்ளாமையை அழிக்கிற காட்டுப்பன்னியை வனத்துறையே சுடலாம்னு தமிழ்நாடு அரசு சொல்லியிருக்கு. ஒரே ராத்திரியில நிலக்கடலைக் காடு உழுதுபோட்ட மாதிரி கிடக்கறதைப் பார்த்தவனுக்கு அதோட அருமை தெரியும். சுடறவங்க கிட்ட எனக்கு ஒரே வேண்டுதல்தான். எந்தக் குண்டுன்னு யோசிச்சு எடுங்க. பட்ட பன்னி பட்ட எடத்துலயே விழணும். காயத்தோட கரும்புக்குள்ள புகுந்துச்சுன்னா, மறுநாள் விடிகாலையில தோகை உரிக்க உள்ள போறது எங்க வீட்டுப் பொம்பளைங்கதான்.