ஐடா ஸ்கடரின் ஆயத்த ஆண்டுகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடர், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் ஊழியத்தை விரும்பாதவர். நோயுற்ற தாய்க்குத் துணையாகவே அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவ வேதனையில் துடித்த தங்கள் மனைவியருக்காக அவரை அழைத்தனர். மருத்துவரான தந்தை வரத் தயாராயிருந்தும், ஆண் என்பதால் மறுத்துவிட்டனர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். தூக்கமின்றிச் செபித்த அந்த இரவு அவர் மனத்தை மாற்றியது.

ஆனால் அழைப்பை உணர்ந்த உடனே அவர் ஊழியத்தில் இறங்கவில்லை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். இந்தப் பொறுமைதான் அவரது ஆயத்தத்தின் சிறந்த பகுதி. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா வந்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார். தனித்து நின்ற ஐடா, வீட்டின் சிற்றறையிலேயே பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் வேலூரில் தொடங்கினார்.