விரலின் திறனும் உள்ளத்தின் இசையும்

இசைக் கலைஞன் ஒருவனின் பெருமை அவனது கைத்திறனில் உள்ளதா, அல்லது பாடலின் பொருளை உணர்ந்து வெளிப்படுத்தும் ஆற்றலில் உள்ளதா? ஐரோப்பியரின் பியானோ இசை வரலாற்றில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. இவ்வழக்கின் பெயர்பெற்ற விசாரணை ஒன்றையும் அதன் பின்கதையையும் இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இந்த வினா பியானோவில் இத்துணை கூர்மை பெற்றதற்குக் காரணம் அக்கருவியின் அமைப்பேயாகும். அதற்கு முந்திய ஹார்ப்சிகோர்ட் என்னும் கருவியிற் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது; தந்தி மீட்டப்படும், அவ்வளவே. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் கிறிஸ்தோபோரி அமைத்த புதிய கருவியிலோ சிறு சுத்தியல்கள் தந்தியை அடித்தன. விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மெலிந்தது, வலுத்தது. விரைவாக வாசிப்பது மட்டுமன்றி, எப்படித் தொடுகின்றான் என்பதும் கலையாயிற்று.

1781 டிசம்பர் 24ஆம் திகதி. வியன்னா அரண்மனையிற் பேரரசர் இரண்டாம் ஜோசப் இரு கலைஞர்களை எதிரெதிரே அமர்த்தினார். ஒருவர் மொசார்ட், வயது 25. மற்றவர் இத்தாலியிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த முத்சியோ கிளெமென்டி, வயது 29. மொசார்ட்டின் நேர்த்தியான உடையைக் கண்டு, அவரை அரண்மனை அலுவலர் என்றே முதலில் எண்ணியதாகக் கிளெமென்டி பின்னாளிற் கூறினார். இருவரும் தனித்தனியே வாசித்தனர். முன்பின் பாராத இசைக் குறிப்புகளைப் பார்த்து வாசித்தனர். இரண்டு பியானோக்களில் ஒரே கருவை எடுத்துக் கற்பனையாய் விரித்தனர். ஒரு சுரத்தையும் அதற்கு மூன்றாவதான சுரத்தையும் ஒரே கையில் இணைத்து விரைந்து ஓட்டுவது கிளெமென்டியின் தனித்திறமை.

சில வாரங்களின் பின் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட் தமது தீர்ப்பை வழங்கினார். வலக்கைத் திறமை உண்டு. சுவையோ உணர்ச்சியோ காசளவும் இல்லை. வெறும் இயந்திரவியலாளர் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1783இல் தந்தைக்கு எழுதிய கடிதத்திலும், தமக்கை கிளெமென்டியின் கடினமான பகுதிகளை ஓயாது பயின்று கையின் மென்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என எச்சரித்தார். கிளெமென்டியோ, அத்துணை உயிர்ப்போடும் நளினத்தோடும் வாசித்த எவரையும் அதற்கு முன் தாம் கேட்டதில்லை என்று மொசார்ட்டைப் போற்றினார்.

வரலாறு பெரும்பாலும் மொசார்ட்டின் சொல்லையே நினைவில் வைத்திருக்கின்றது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1806இல் தம் மாணவர் லுட்விக் பேர்கரிடம் கிளெமென்டி மனந்திறந்து பேசினார். அந்நாளிற் கைத்திறனின் மினுக்கத்திலேயே தாம் மகிழ்ந்திருந்ததாகவும், புகழ்பெற்ற பாடகர்களைக் கூர்ந்து கேட்டதாலும், இங்கிலாந்துப் பியானோக்கள் படிப்படியாகச் செம்மையடைந்ததாலும், பாடுவது போன்ற உயர்ந்த நடைக்குப் பின்னர் வந்துசேர்ந்ததாகவும் கூறினார். அவருடைய சொனாட்டாக்களைப் பீத்தோவன் பெரிதும் மதித்தார். அரண்மனையில் அன்று வாசித்த சொனாட்டாவின் தொடக்கமோ, பத்தாண்டுகளின் பின் 1791இல் மொசார்ட் எழுதிய "மந்திரக் குழல்" இசைநாடகத்தின் முன்னிசையிற் பெரிதும் ஒத்த வடிவில் ஒலித்தது! சொனாட்டாவைப் பின்னர் வெளியிட்டபோது, மொசார்ட் முன்னிலையில் இது வாசிக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்க்கக் கிளெமென்டி மறக்கவில்லை.

கிளெமென்டி 1817 முதல் 1826 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட நூறு பயிற்சிகளைப் பின்வந்த சொப்பின் தம் மாணவருக்குக் கற்பித்தார். அதே சொப்பின் 1833இல் வெளியிட்ட பன்னிரண்டு பயிற்சிகளில் ஒவ்வொன்றும் விரலுக்கு ஒரு கடினத்தை வைக்கின்றது. ஆயினும் ஒவ்வொன்றும் முழுமையான இசைப் படைப்பு. பயிற்சியே கவிதையான இடம் அது.

மறுபக்கமும் உண்டு. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுமையாக இசைத்தட்டிற் பதிவுசெய்தவர் ஆர்ட்டூர் ஷ்னாபெல். 1932க்கும் 1935க்கும் இடையில் இலண்டனிற் செய்த அப்பதிவுகளிற் சுரங்கள் பிசகும் இடங்கள் பல. இன்றைய இசைக் கல்லூரி மாணவன் அவ்வாறு வாசித்தாற் புள்ளி குறையும். எனினும், மெதுவாகச் செல்லும் பகுதிகளில் அவர் தரும் ஆழத்துக்காக இன்றும் அப்பதிவுகளைத் தேடிக் கேட்கின்றனர்.

1980இல் வார்சோவில் நடந்த சொப்பின் போட்டியில் வழக்கு வேறு வடிவம் எடுத்தது. இவோ பொகொரெலிச்சின் கைத்திறனை எவரும் ஐயுறவில்லை. இசைக்கு அவர் தந்த புதுப்பொருளே நடுவரைப் பிரித்தது. அவர் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகாதபோது, 1965இல் அதே போட்டியில் முதற்பரிசு பெற்றவரான மார்த்தா ஆர்ஹெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். முதற்பரிசு வியட்நாமின் டாங் தாய் சோனுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர். போர்க்காலத்தில் ஹனோயிலிருந்து கிராமத்துக்கு இடம்பெயர்ந்து இசை பயின்றவர். தோற்ற பொகொரெலிச்சும் உலகப் புகழ் பெற்றார்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றவில்லை. தளை தட்டாத வெண்பாவோடு வரும் மாணவர் உண்டு. உணர்ச்சி பொங்க எழுதி யாப்பைக் குலைத்து வரும் மாணவரும் உண்டு. பிழையை எண்ணிப் புள்ளியிடுவது எளிது. உணர்வுக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. ஆகவே அளக்கக்கூடியதையே கலையெனக் கொள்ளும் ஆபத்து ஆசிரியருக்கு எப்போதும் உண்டு. அதற்கு அஞ்சித் திறமையையே இகழ்வதும் தவறாகும். மொசார்ட் அன்று கேட்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஒரு மாலைப்பொழுதின் உண்மை. 29 வயதில் இயந்திரவியலாளர் எனப்பட்டவர், பாடகரைக் கேட்டுக் கேட்டுத் தம் விரல்களுக்குப் பாடக் கற்பித்தார். திறன் உள்ள மாணவனிடம் "உன்னிடம் கலை இல்லை" என்று முடித்துவிடாமல், அவன் இன்னும் எவற்றைக் கேட்கவேண்டும் என்று காட்டுவதே ஆசிரியரின் கடமையாகும்.