ரகசியத் தகவலின் பேரில் வீட்டுச் சோதனை

உளவாளி தரும் துப்பைச் சரிபார்க்காமல் காவல்துறை குடும்பத்தினர் வாழும் வீட்டில் புகுந்து தேடுவது. தனிமனித உரிமை மீறல்களில் கொடியது.

பின்னணி: குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே சந்தேகப் பட்டியலில் வைத்தது. ஓ. பி. ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. ஆனால் சந்தேகப் பார்வை நீங்கவில்லை. திருட்டு வழக்கு என்றாலே இருளர் பழங்குடியினரின் குடிசைகளைக் காவல்துறை தட்டும் வழக்கத்தை எதிர்த்து, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வழிநடத்தினார்.

வாச்சாத்தி: 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்தின் இந்த மலைவாழ் மக்கள் ஊரில் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பை உறுதிசெய்தது.

சட்டம்: வாரண்ட் இல்லாமல் சோதனையிடும் அதிகாரி காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 185), சோதனையை ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும், பதிவுகளை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஊர்க்காரர் இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே பொய்த்தகவல் தந்து சோதனைக்குக் காரணமானவருக்கு 2 ஆண்டு வரை சிறை.

குறைபாடு: தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி காவலரை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. தங்கள் வீட்டின்மேல் புகார் சொன்னவர் யார் என்று பாதிக்கப்பட்ட குடும்பம் அறிய வழியில்லை. ஆகவே கதவைத் தட்டுமுன் துப்பைச் சரிபார்ப்பதே அவர்களுக்கான முதல் பாதுகாப்பு.