ஒத்தசொற்களின் எல்லை: ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கமென்ஸ்’ என்னும் ஆங்கில வினைகளை முன்வைத்து

‘பிகின்’ என்ற ஆங்கில வினைக்கு ஒத்தசொல் கேட்டால், பள்ளி மாணவர் தயங்காமல் ‘ஸ்டார்ட்’ என்பார். சற்றுக் கூடுதலாகப் படித்தவர் ‘கமென்ஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்வார். தேர்வுத்தாளில் இரண்டு விடைகளும் சரியே. மூன்றையும் தமிழில் ‘தொடங்கு’ என்றே பெயர்ப்பதால், ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம் என்ற எண்ணம் நிலைத்துவிடுகிறது. இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுக்கிறது. இம்மூன்றும் ஒரே பொருட்புலத்தைப் பகிர்ந்துகொள்பவை; ஆனால் ஒரே பொருளை உடையவை அல்ல. வேறுபாட்டை அறிய அகராதி விளக்கம் மட்டும் போதாது. ஒரு வினை எந்தச் சொற்களோடு சேர்கிறது, எதனை எதிர்ச்சொல்லாகக் கொள்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிறப்பும் வழியும்

பழைய ஆங்கிலத்தில் தொடங்குதலைக் குறிக்கப் பெருவழக்காக இருந்தது ‘ஒன்கின்னன்’ என்ற வினை. அதன் உறவுச் சொல்லான ‘பெகின்னன்’ அரிதாகவே வழங்கியது. காலப்போக்கில் முன்னது மறைய, பின்னது ‘பிகின்’ என்று நிலைபெற்றது. முதலிலிருந்தே அதன் பொருள் தொடங்குதல்தான்.

‘ஸ்டார்ட்’ வந்த வழி வேறு. அதன் பழைய பொருள் துள்ளுதல், திடுமெனக் குதித்தெழுதல். திடுக்கிடச் செய்தலைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ அதன் உறவுச் சொல். அப்பழம்பொருள் அதில் இன்றும் தெளிவாக உள்ளது. புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்பிவிடுதலுக்கும் வேட்டைக்காரர்கள் ‘ஸ்டார்ட்’ என்றனர். அசைவற்றிருந்தது சட்டென அசைவுக்கு வருதல் என்ற இக்கருத்திலிருந்தே தொடங்குதல் என்ற பொருள் பின்னர் கிளைத்தது.

‘கமென்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீன். ‘இனிஷியேட்’ என்ற சொல்லுக்கும் அதுவே வேர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு ஆண்டது. அங்கே புழங்கிய சொற்கள் பலவற்றைப் போலவே ‘கமென்ஸ்’ வினையும் ஆட்சி, சட்டம், சடங்கு ஆகியவற்றின் நடையைத் தாங்கி நிற்கிறது.

சேர்க்கை காட்டும் பொருள்

இவ்வரலாறு இன்றைய வழக்கிலும் செயல்படுகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கினால் ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ மட்டுமே வரும். ‘கார் பிகின் ஆயிற்று’ என்ற பொருளில் எவரும் பேசுவதில்லை. ஊருக்குப் புறப்படுதல், கடை வைத்தல், தீ மூளச் செய்தல் ஆகியவற்றிலும் ‘ஸ்டார்ட்’ வினைக்கே உரிமை. இவை யாவற்றிலும் ஓய்விலிருந்து இயக்கத்திற்கு மாறும் திருப்பம் உள்ளது.

இதற்குத் தமிழ்ப் பேச்சே நல்ல சான்று தருகிறது. ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’, ‘மோட்டாரை ஸ்டார்ட் பண்ணு’, ‘டியூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாத்தணும்’ என்று நாள்தோறும் பேசுகிறோம். ‘பிகின்’ நம் பேச்சில் இவ்வாறு வேர்கொள்ளவில்லை. ஆங்கிலம் எழுத்தறியாத மெக்கானிக்கும் இவ்வழக்கில் தவறுவதில்லை. அவர் சொல்லைத் தனியே பெறவில்லை. இயந்திரத்தோடு சேர்த்தே பெற்றார். சேர்க்கையோடு கற்ற சொல் பிழைபடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ இரண்டும் மற்றொரு வினையோடு சேரும்போது வேறுபாடு இன்னும் நுண்மையாகிறது. மொழியியலாளர் ஆலிஸ் ஃப்ரீட் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆராய்ந்தது. ஒரு பெண்ணுக்கு மூக்கு குறுகுறுக்கிறது, முகம் சுருங்குகிறது, ஆனால் தும்மல் வரவில்லை. இந்நிலையில் அவள் தும்ம ‘ஸ்டார்ட்’ செய்தாள், ஆனால் தும்மவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்ல இடமுண்டு. ‘பிகின்’ வந்தால் தும்மலின் முதற்பகுதி நிகழ்ந்தேவிட்டது என்றாகும், வாக்கியம் முரண்படும். ஆகவே ‘ஸ்டார்ட்’ செயலின் வாயிலையும் சுட்டவல்லது. ‘பிகின்’ செயலுக்கு உள்ளே நின்று அதன் முதற்கூற்றைச் சுட்டுகிறது.

சட்டத்தில் ‘கமென்ஸ்’

ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் வெளியிட்ட ‘தி கிங்ஸ் இங்கிலிஷ்’, இலத்தீன் வழிச் சொல்லைவிட ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லைத் தேர்க என்று எழுதுவோருக்கு அறிவுறுத்தியது. அன்றாட நடைக்கு அது நல்ல அறிவுரை. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் ‘கமென்ஸ்’ விறைத்து நிற்கும். ஆயினும் அது வெறும் ஆடம்பரச் சொல் என்று முடிவுகட்டுவது பிழை. இந்திய அரசியலமைப்பின் 394-ஆம் உறுப்பின் தலைப்பு ‘கமென்ஸ்மென்ட்’. குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான உறுப்புகள் உள்ளிட்ட சில, 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்தன. எஞ்சியவை 1950 ஜனவரி 26 அன்று வந்தன. அந்நாளே அரசியலமைப்பின் ‘கமென்ஸ்மென்ட்’ எனப்படும் என்று அவ்வுறுப்பு வரையறுக்கிறது. உரிமைகளும் கடமைகளும் எந்நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதே இங்குப் பொருள். ‘பிகினிங்’ என்று மாற்றினால் தேதியின் கறார்த்தன்மை போய்விடும்.

எதிர்ச்சொல் என்னும் அளவுகோல்

மூன்றையும் பிரித்தறிய எதிர்ச்சொல் எளிய கருவியாகும். ‘ஸ்டார்ட்’ வினைக்கு எதிரே இயல்பாக நிற்பது ‘ஸ்டாப்’, அதாவது நிற்றல். ‘பிகின்’ வினைக்கு எதிரே ‘எண்ட்’, அதாவது முடிதல். ‘கமென்ஸ்’ வினைக்கு எதிரே ‘கன்க்ளூட்’ அல்லது ‘டெர்மினேட்’. அதாவது முறைப்படி நிறைவுறுதல். முதலாவது இயக்கத்தின் எல்லை, இரண்டாவது நிகழ்வின் எல்லை, மூன்றாவது முறைமையின் எல்லை. பொருள் ஒன்றேயானால் எதிர்ப்பொருளும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

படம் ஆறு மணிக்குத் தொடங்கியது என்பதற்கு ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ இரண்டும் பொருந்துமே என்று வினவலாம். பொருந்தும். இரு புலங்கள் ஓரிடத்தில் மேற்படிவதால் அவை ஒன்றாகிவிடுவதில்லை. மேற்படியும் இடத்தை மட்டும் கற்பித்து, பிரியும் இடத்தை மறைப்பதே குறை.

இக்குறைக்கு ஒத்தசொல் மரபு முழுவதையும் பொறுப்பாக்க முடியாது. 1794-இல் பியோட்ஸியும் 1816-இல் கிராபும் ஆங்கில ஒத்தசொற்களைப் பற்றி வெளியிட்ட நூல்கள், அவற்றின் வேறுபாட்டை விளக்கவே எழுந்தன. 1852-இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தது. வேறுபாட்டை விளக்கும் பணியைத் தன் நூல் மேற்கொள்ளவில்லை என்று அவரே முன்னுரையில் கூறினார். பொருள் அறிந்தவருக்கு மறந்த சொல்லை நினைவூட்டுவதற்கான கருவி அது. அப்பட்டியலைப் பொருளே அறியாத மாணவர் கையில் விளக்கமின்றிக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே பாடநூல்கள் ஒத்தசொல் பட்டியலை நீக்கத் தேவையில்லை. அதை நிறைவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அதனோடு சேரும் இரண்டு மூன்று சொற்கள், அதன் எதிர்ச்சொல், அது வரக்கூடாத ஒரு வாக்கியம் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். தேர்வும் ‘ஒத்தசொல் எது’ என்று கேட்பதை விட்டு, ‘இவ்வாக்கியத்தில் எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன்’ என்று கேட்கட்டும். அவ்வாறு கற்ற மாணவர், வண்டிக்கும் கதைக்கும் சட்டத்திற்கும் வெவ்வேறு தொடக்கங்கள் உண்டு என்பதை அறிந்தே சொல்லைத் தேர்வார்.