தோல் தைத்த கைகள்: மலையகத் தோட்டங்களிற் கற்பாரற்றுப்போன ஒரு கைவினை

மலையகத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பயிரின் வரலாறாகவும் சம்பளத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கடல் கடந்து வந்தோர் தம் கைகளிற் கொணர்ந்த தொழிலறிவு யாதாயிற்று என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டுள்ளது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்தோருள், தோல் தைக்குந் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட அருந்ததியரும் அடங்குவர். சக்கிலியர் என்பதே அந்நாளைய ஆவணங்கள் அவர்க்கு இட்ட பெயர். தேயிலை மலைகளில் அத்தொழில் கற்பாரற்றுப் போயிற்று. தொழிலையொட்டி இடப்பட்ட பெயரோ போகவில்லை. இம்முரண்பாடே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழகக் கிராமத்தில் இத்தொழிலைப் பயிலத் தொடங்கும் சிறுவன் முதலில் தைப்பதில்லை. ஆவாரம்பட்டை ஊறிய நீரிற் கிடந்து பதமாகும் தோலைத் தொட்டுப் பார்த்து, எப்பகுதி தடிப்பு, எப்பகுதி இழுபடும் என்று விரலால் அறிவதே அவனுக்கு முதற்பாடம். பின்னர் வார் அரிதல், ஓரத்தை உளியாற் சீவி மெலிதாக்கல், நூலுக்கு மெழுகேற்றல் என்பன வரும். அவற்றின் பின்னரே குத்தூசி கைக்கு வரும். ஒரு துளையின் வழியே நூலின் இரு முனைகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பது நல்ல தையலின் இலக்கணம். அவ்வாறு தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் ஏனைய தையல்கள் பிரியா. துளைகள் சமதூரத்தில் விழவும், இரு கைகளும் ஒரே இறுக்கத்தில் இழுக்கவும் பழகுதற்கு நீண்ட காலம் பிடிக்கும். கற்பவன் கெடுத்த தோலுக்குக் கணக்கில்லை. கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோற்சாலைத் தைக்கத் தெரிந்தவனே கைதேர்ந்தவனாகக் கருதப்பட்டிருப்பான். செருப்பிற் பிழைத்த தையல் காலையே உறுத்தும், சாலிற் பிழைத்த தையலோ பயிரை வாட்டும். சென்னையில் அல்பிரட் சற்றர்ட்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையிற் பதனிட்ட தோலைப் பரிசோதித்தபோது, இத்தகைய தோற்சால்களையும் கருத்திற் கொண்டிருந்தார் என்பதிலிருந்து அவற்றின் பொருளாதார முக்கியத்துவம் புலனாகும்.

ஹற்றன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளில் இவ்வறிவுக்கு வேலை இருக்கவில்லை. மழையே நீர் பாய்ச்சும் சரிவுகளிற் கவலைக்கு இடமேது? ஏர் பூட்டும் உழவும் அங்கில்லை. ஆவாரை வறண்ட நிலத்துச் செடி. குளிரும் ஈரமும் மிக்க மலைச் சரிவில் அது வளர்வதில்லை. பச்சைத் தோலை உலர்த்துதற்கு வேண்டிய வெயிலும் மாதக்கணக்கிற் கிட்டுவதில்லை. இவையனைத்திலும் முக்கியமானது, தொழிலாளர் வெறுங்காலினராகவே மலையேறிக் கொழுந்தெடுத்தனர் என்பதாகும். காலணி வாங்கும் சந்தையே அங்கு உருவாகவில்லை.

கற்கும் வயதும் கைநழுவிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ்ப் பின்னர் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதமாக இருந்தது. சிறுவர்க்கெனத் தனிச் சம்பளவிகிதம் வகுக்குமளவுக்குச் சிறுவர் உழைப்பு வழமையாயிருந்தமை நோக்கத்தக்கது. தந்தையின் அருகிருந்து தோலைக் கெடுத்துக் கற்க வேண்டிய பிள்ளை விடியற் பிரட்டுக்கு எழுந்து சென்றான். குடும்பத்துக்கு அந்த 32 சதம் வேண்டியிருந்தது.

ஆயின் எல்லாக் குலத்தொழில்களும் இவ்வாறு மறையவில்லை. சலவைத் தொழிலாளரும் நாவிதரும் தோட்டங்களிலே தம் தொழிலைத் தொடர்ந்தனர். பறையறைதலுந் தொடர்ந்தது, பிரட்டுக்கு ஆள் திரட்டவுந் தப்பு பயன்பட்டது. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல், தோட்டங்களிற் சாதி எவ்வாறு தொடர்ந்து நின்றது என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளது. தோட்ட நிருவாகத்துக்கும் பெரிய கங்காணியின் வீட்டுக்கும் பயன்பட்ட தொழில்கள் நின்றன என்றும், உழவனுக்குப் பயன்பட்ட தொழில் உழவனோடு ஊரிலே தங்கிவிட்டது என்றும் கொள்ளலாம்.

ஆனால் தோல் தைத்தவர்க்கு வேறொரு வேலை காத்திருந்தது. வெறுங்கால் வழியே மண்ணிலிருந்து உடலேறும் கொக்கிப்புழு நோய் தோட்டங்களைப் பெரிதும் வாட்டியமையால், 1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடக்கிற்று. மருந்து கொடுத்தலும் மலக்கூடம் அமைத்தலும் அதன் பிரதான வழிகள். மலக்கூடங்கள் பெருகின, அவற்றைத் துப்புரவாக்கும் வேலை சாதி நோக்கிலே அருந்ததியர்மீது சுமத்தப்பட்டது. கண்டி மகியாவை போன்ற நகரக் குடியிருப்புகளிலும் இதே நிலையைக் காணலாம். கால்களுக்குக் காப்பளிக்கும் பொருளைத் தைக்கத் தெரிந்த மரபினர், வெறுங்காலால் வந்த நோயைத் தடுக்கும் ஏற்பாட்டில் விளக்குமாறு ஏந்துவோராயினர். அவர்தம் கையிலே குத்தூசியைத் திரும்பக் கொடுக்க எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அருந்ததியரின் தொழிலை இழிவெனக் கண்ட கண்கள், அத்தொழில் ஒழிந்த பின்னும் ஆளை இழிவாகவே கண்டன. ஆதலின் மகனுக்கு அதனைக் கற்பிக்கத் தந்தை விரும்பாமையையும் குறைகூறல் ஆகாது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் குடும்பங்களைப் பிரித்தன. தாயகந் திரும்பியோர் கண்ட கிராமங்களிற் கவலைக்குப் பதிலாக மின்விசைப் பம்பிகள் பரவிக்கொண்டிருந்தன. இங்கு எஞ்சியோரின் கால்களுக்கு இறப்பர்ச் செருப்பு வந்து சேர்ந்தது.

மலையக நகரங்களிற் பஸ் நிலையத்தருகே குடையொன்றின் கீழ் அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்போரிடம் இத்தொழிலின் ஒரு கூறு இன்றும் உண்டு. அங்கு அமர்ந்து பழகுபவனுக்குப் பதனிட்ட தோல் அபூர்வமாகவே கிட்டும். பாடசாலை தொடங்கும் நாட்களிற் பிள்ளைகளின் சப்பாத்தும் புத்தகப்பையும் குவியும். நைலோன் நூலும் செயற்கைத் தோலுமே அவனது பாடப்பொருள்கள். குத்தூசி மட்டும் மாறவில்லை. மழை வந்தால் குடையைச் சற்றே சாய்த்துக்கொண்டு, கையிலிருந்த தையலை முடித்த பின்னரே அவன் எழுவான்.